இளக்காரம்
ஒன்றின் தகுதியைக் குறைத்துக் கணிப்பது குறைமதிப்பீடு. அதில் இகழ்ச்சி கலந்தால் இளக்காரம். ‘இள’ என்ற அடிக்கு மென்மை, தளர்ச்சி என்ற பொருள் உண்டு. இளப்பமும் அதன் இனமே. கீரையை நகத்தால் சுலபமாகக் கிள்ளலாம் என்பதால் எளியவரை இளக்காரமாகக் ‘கிள்ளுக்கீரை’ என்பார்கள்.

இலங்கையின் கண்டிப் பக்கத்தில் தோட்டத் தொழிலாளர்மீது இளக்காரம் எடுத்த கொடிய வடிவம் ‘தோட்டக்காட்டான்’. தோட்டம், காடு இரண்டும் குற்றமற்ற சொற்கள். 1867இல் அங்குள்ள லூல்கந்துரவில் தேயிலைத் தோட்டம் உருவானது. அதற்கு முன்பே கோப்பிக்காகக் காடுகளை வெட்டித் திருத்தியவர்கள் தென்னிந்தியத் தொழிலாளர். அந்த உழைப்பையே வசையாக்கிவிட்டார்கள். இது எனக்குப் பொறுக்கவில்லை. இன்று அவர்களின் வழிவந்தோரின் பெயர் மலையகத் தமிழர். ஆனாலும் “தோட்டக்காட்டான்தானே” என்பது இன்னும் காதில் விழுகிறது. இளக்காரம் முழுவதும் அந்தத் ‘தானே’யில் இருக்கிறது.