நோயாளியின் கிண்ணத்தில் கடற்பாசி

அறளை பெயர்ந்த வயதில் ஒருவரைத் தண்ணீர் குடிக்க வைப்பது பெரும்பாடு. தாகம் மங்கிவிடும், முன்னால் இருக்கும் டம்ளர் எதற்கென்றே விளங்காது, "இப்பதானே குடிச்சனான்" என்று அடித்துச் சொல்வார்கள். லண்டனில் லூயிஸ் ஹார்ன்பி என்ற மாணவர், நீரிழப்பால் ஆஸ்பத்திரிக்குப் போன தன் பாட்டியை நினைத்து, கையால் எடுத்து வாயில் போடக்கூடிய வண்ண ஜெலித் துண்டுகளைச் செய்தார். 2018இல் அது உலகச் செய்தியானது.

தண்ணீரை இறுகவைத்து நோயாளிக்கு ஊட்டும் வித்தை இலங்கைக் கரைக்குப் புதிதல்ல. திருகோணமலைக் கடலிலும், கற்பிட்டிக் களப்பிலும், யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கமும் வளரும் கிராசிலேரியா என்ற செம்பாசிதான் சரக்கு. வெள்ளைக்காரன் இதற்கு வைத்த பெயர் 'சிலோன் மொஸ்'.

புத்தளம் களப்பில் வேலை நடந்த விதம் பழைய மருந்து நூல்களில் பதிவாகியுள்ளது. தென்மேற்குப் பருவக்காற்றில் நீர் கலங்கும்போது பாசி வேரற்று மிதக்கும். அதை அள்ளிப் பாயில் பரப்பி இரண்டு மூன்று நாள் காயவிடுவார்கள். பிறகு நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, மறுபடி வெயிலில் போடுவார்கள். சிவப்பும் உப்பும் போய் வெள்ளைநூலாக மிஞ்சும்.

1830களில் கல்கத்தாவில் ஓ'ஷாக்னசி என்ற மருத்துவர் இதைச் சோதித்து, பாதிக்கு மேல் கூழ்மப் பொருளே என்று கண்டார். 1840இல் லண்டனில் சிக்மண்டும் ஃபாரேயும் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார்கள். பலவீனர்களுக்கு ஏற்ற உணவென்பது அன்றைய விளம்பரம். வயிற்றுக்கு இதம் என்பது சரி, சத்தென்று சொல்ல அதில் அதிகமில்லை.

இரண்டாம் உலகப்போரில் அகர் என்ற பாசிக் கூழ்மம் ஜப்பானிலிருந்து வருவது நின்றுபோனதும் பல நாடுகள் தத்தம் கரையில் பாசி தேடின. இலங்கைப் பாசிகளைப் பற்றி துரைரத்தினம் என்ற ஆய்வாளர் 1961இல் விரிவான ஆய்வை வெளியிட்டார். வீடுகளிலோ பாசி உணவு மறையவேயில்லை. முஸ்லிம் வீடுகளில் நோன்புக்காலத்துக் கடற்பாசி இன்றும் உண்டு: ஊறவைத்துக் காய்ச்சி, சீனியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து, தட்டில் ஊற்றி, ஆறியதும் வெட்டுவார்கள். ஐஸ்பெட்டி தேவையில்லை, மாட்டெலும்பு ஜெலற்றின் வெயிலில் உருகும், இது அசையாது.

அந்த அசையாக் குணத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. வாய்ச்சூட்டில் கரையாத துண்டு, விழுங்கத் தடுமாறும் முதியவருக்குத் தொண்டையில் அடைக்கலாம். குடிக்கும்போது இருமுகிறவர், சாப்பாட்டைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருப்பவர் வீட்டில் இருந்தால், முதலில் வைத்தியரிடம் விழுங்கும் திறனைச் சோதிக்கக் கேளுங்கள். கடற்பாசித் தட்டு அதுவரை பொறுக்கட்டும்.