சோத்துக்கோசரம் வேதத்துல சேந்தவங்க

திருவள்ளூர்ப் பக்கத்துச் சேரிகளில் கிறிஸ்தவர்களுக்கு ஒரு பட்டப்பெயர் இன்றும் உண்டு: ‘சோத்துக்கோசரம் வேதத்துல சேந்தவங்க.’ ஊர்க்காரர்கள் சொல்வது இருக்கட்டும். சபைக்குள்ளேயே பரம்பரைப் பெருமை பேசும் மேல்சாதிக் கிறிஸ்தவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். நம் ஆட்கள் கூனிக் குறுகிப் போய், ‘இல்லீங்க, எங்க தாத்தா நெசமாவே மனந்திரும்புனாரு’ என்று சாட்சி சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். எதற்காக இந்த வெட்கம்? சோற்றுக்கும் நிலத்துக்கும்தான் சேர்ந்தார்கள் என்றால், அவர்கள் வேதத்தைச் சரியாகப் படித்தவர்கள் என்பது என் கட்சி. அதை இந்த மண்ணின் வரலாற்றிலிருந்தே பேசலாம்.

1997இல் தனி மாவட்டமாகும்வரை திருவள்ளூரும் பொன்னேரியும் கும்மிடிப்பூண்டியும் செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தன. வெள்ளையர் காலத்தில் இங்கே கோலோச்சியது மிராசு முறை. தரிசு நிலம் கேட்டு ஒரு பறையர் தர்காஸ்து மனு போட்டால், அந்த நிலத்தை எடுத்துக்கொள்ள மிராசுதாரருக்கு முன்னுரிமை இருந்தது. சேரி இருந்த நத்தமும் அவர் தயவுதான். வாயைத் திறந்தால் குடிசை காலி. தாத்தன் வாங்கிய கடனுக்குப் பேரன் படியாளாக உழைத்தான். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர், பறையர்களின் நிலைபற்றி எழுதிய அறிக்கையில் இவற்றையெல்லாம் பதிவு செய்தார்.

1876-78இன் தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, சேரி மக்கள் தனித்தனியாக அல்ல, தெருத்தெருவாக மிஷன் வாசலுக்கு வந்தார்கள். கேட்டதும் வெளிப்படையாகவே கேட்டார்கள்: பள்ளிக்கூடம் வேண்டும், மனு எழுத ஆள் வேண்டும், மிராசுதாரர் பொய்க் கேஸ் போட்டால் கூட நிற்க ஒருவர் வேண்டும். மிஷனரிகள் பலருக்கு இது தர்மசங்கடம். ஆத்துமாவைத் தேடி வருகிறார்களா, வயிற்றைத் தேடி வருகிறார்களா என்று ஐயப்பட்டார்கள். காத்திருக்க வைத்துச் சோதித்த பிறகே ஞானஸ்நானம் கொடுத்தார்கள். ‘சோத்துக்கோசரம்’ என்ற ஏச்சுக்கு இந்தச் சந்தேகமும் ஒரு வேர்.

ஆனால் சேரியோடு பழகப் பழக மிஷனரிகள் சிலர் மாறினார்கள். திருவள்ளூரை ஒட்டிய இக்காட்டில் பணிபுரிந்த வெஸ்லியன் மிஷனரி வில்லியம் கௌடி அவர்களில் ஒருவர். பறையருக்கு நிலம் இல்லாமல் விடுதலை இல்லை என்று 1890களில் எழுதியும் வாதாடியும் வந்தார். இவரை ஒரு மகானாக்குவது என் நோக்கமல்ல. வெள்ளைக்காரப் பாதிரியாருக்கு நிலப் பிரச்சினையைக் கற்றுக்கொடுத்தது யார் என்பதுதான் கேள்வி. கற்றுக்கொடுத்தவர்கள் எழுத்தறியாத படியாட்கள். ரூபா விஸ்வநாத் 2014இல் வெளியிட்ட ‘தி பறையா பிராப்ளம்’ நூல், சேரி மக்களின் நெருக்குதலே மிஷனரிகளை இந்தப் பக்கம் இழுத்து வந்தது என்பதை ஆவணங்களோடு காட்டுகிறது.

ட்ரெமென்ஹீர் அறிக்கையையும் மிஷனரிகளின் வற்புறுத்தலையும் அடுத்து, 1892 செப்டம்பர் 30இல் அரசாணை 1010 வந்தது. பஞ்சமி நிலத்தின் பிறப்பு அங்கேதான். பத்து ஆண்டுகளுக்கு விற்கக்கூடாது, அதன்பின் விற்றாலும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிபந்தனை எப்படியெல்லாம் காற்றில் பறந்தது என்பது இந்த இதழ் வாசகர்களுக்குத் தெரியும்.

இப்போது வேதத்துக்கு வருவோம். பழைய ஏற்பாட்டில் இராஜாக்களின் முதலாம் புத்தகம் 21ஆம் அதிகாரத்தில் நாபோத் என்ற ஒரு குடியானவன் வருகிறான். அரண்மனைக்குப் பக்கத்தில் அவனுக்கொரு திராட்சைத் தோட்டம். ஆகாப் ராஜா கேட்கிறான். பிதிராஜ்ஜிதத்தைத் தரமாட்டேன் என்கிறான் நாபோத். பொய்ச் சாட்சி வைத்து, கல்லெறிந்து அவனைக் கொன்றுவிட்டு ராஜா தோட்டத்தை எடுத்துக்கொள்கிறான். எங்க ஆயாவுக்கு இந்தக் கதை மனப்பாடம். ‘அது நம்ம புறம்போக்கு மேட்டரு மாதிரியே இருக்குதுடா’ என்று சொல்லும். எந்த இறையியல் கல்லூரியிலும் அது படித்ததில்லை.

நிலத்தில் தொடங்கிய வாசிப்பு சபைக்குள் வந்ததும் முடக்கப்பட்டது. தஞ்சாவூரில் 1820களின் இறுதியில், வேதநாயக சாஸ்திரியும் அவரைச் சார்ந்த வெள்ளாளக் கிறிஸ்தவர்களும் சாதி ஆசாரத்தைக் காக்க மிஷனரிகளோடு மல்லுக்கு நின்றார்கள். திருச்சபையில் சாதிக்கு இடமில்லை என்று பிஷப் டேனியல் வில்சன் 1833இல் கட்டளையிட்டபோது, பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். ஒரே கிண்ணத்தில் திராட்சரசம் குடிப்பதைவிடச் சாதி பெரிதாக இருந்தது. அவர்களின் கர்நாடக ராகக் கீர்த்தனை ‘கிறிஸ்தவத் தமிழிசை’ ஆனது. ஆங்கிலேயரின் ஆர்கன் ‘பக்தி’ ஆனது. நம் பறை மட்டும் சாவு மேளமாக, பேயாட்டமாக வெளியே நின்றது. எங்கள் பக்கத்து சபை ஒன்றில், கிறிஸ்துமஸ் பவனியில் பறையோடு வந்த பையன்களைக் கோயில் வாசற்படியிலேயே நிறுத்திவிட்டார்கள். அந்தப் பையன்களில் நானும் ஒருவன். கீபோர்டு உள்ளே போனது.

இந்த இடத்தில்தான் தியோபிலஸ் அப்பாவு முக்கியமாகிறார். மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி ஆசிரியர். ‘பறட்டை’ என்று தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டவர். 2005இல் காலமானார். 1981இல் பெங்களூரில் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரையிலிருந்து தலித் இறையியல் என்ற பேச்சு வளர்ந்தபோது, அது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வளர்ந்தது. அப்பாவு அதை நாட்டுப்புற மெட்டுக்கும் பேச்சுத் தமிழுக்கும் கொண்டுவந்தார். வழிபாட்டு முறையையே கிராமிய இசையில் அமைத்தார். கீர்த்தனையை ஜனங்கள் மாற்றிப் பாட முடியாது, நாட்டுப்பாட்டை அவரவர் வாயில் திருத்திக்கொள்ளலாம் என்பது அவர் கருத்து. வேதத்துக்கு உரை சொல்லும் அதிகாரம் அப்போது சேரிக்கு வந்துவிடுகிறது. செங்கல்பட்டு வட்டாரச் சேரிகளில் பணியாற்றிய சத்தியநாதன் கிளார்க்கும், பறையிலேயே கிறிஸ்துவைக் காணலாம் என்று 1998இல் ஒரு நூல் எழுதினார்.

அப்பாவுவின் மையச் சொல் ‘ஒரு ஒலை’. ஒரே உலையில் பொங்கி, எல்லாரும் உட்கார்ந்து ஒன்றாகத் தின்பது. கர்த்தருடைய ஜெபம் சோறு கேட்கிற ஜெபம். அதிலும் ‘எனக்கு’ என்றில்லாமல் ‘எங்களுக்கு’ என்று கேட்கிறது. கொரிந்து சபையில் பணக்காரர்கள் முந்தித் தின்றுவிட, ஏழைகள் பசியோடு நின்றார்கள். இப்படித் தின்பது கர்த்தருடைய பந்தியே இல்லை என்று பவுல் கண்டித்தார். அப்படியென்றால் சோறுதான் அங்கே வேதப் பிரச்சினை. வயிறு வேறு, ஆத்துமா வேறு என்று பிரித்தவர்கள் வயிறு நிறைந்தவர்கள்.

இது பழங்கதை இல்லை. 1950 ஜனாதிபதி ஆணை தலித் கிறிஸ்தவரைப் பட்டியல் சாதியிலிருந்து விலக்கி வைத்தது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது, நமக்குத் திறக்கவில்லை. பேப்பரில் நம்மை இந்து என்றும் கிறிஸ்தவன் என்றும் பிரிக்கிறார்கள். ஆனால் 1994 அக்டோபர் 10இல், காரணையில் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தின்போது போலீஸ் துப்பாக்கிக்குப் பலியான இருவர் பெயர் ஜான் தாமஸ், ஏழுமலை. துப்பாக்கி மதம் பார்க்கவில்லை.

இன்று கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்காலைகளின் புகைக்கு நடுவே, படியாட்களின் பேரப்பிள்ளைகள் கான்ட்ராக்ட் கூலிகளாக ஷிப்ட் பார்க்கிறார்கள். பக்கத்து அறையில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள், அவர்களிலும் நம்மைப் போன்றவர்கள் உண்டு. செல்போனில் கானா மெட்டில் ஏசு பாட்டு ஓடுகிறது. மெட்டு நம்முடையது. பாட்டில் சுகம், ஆசீர்வாதம், சொந்த வீடு எல்லாம் உண்டு. கூலி இல்லை, நிலம் இல்லை, சாதி இல்லை. சேரியின் தாளத்தை எடுத்துக்கொண்டு சேரியின் கேள்வியை விட்டுவிட்ட பாட்டு அது.

ஆகவே தோழர்களே, அடுத்த அறுப்பின் பண்டிகைக்குச் சபையில் இரண்டு வேலை செய்யலாம். பறையை வாசற்படி தாண்டி உள்ளே கொண்டுபோய், ஒரே உலையில் பொங்கி, சாதி சங்கம் பார்க்காமல் சிப்காட் தொழிலாளிகளையும் பந்தியில் உட்கார வைக்கலாம். மறுநாள் தாலுகா ஆபீசுக்குப் போய், நம் ஊர் ‘அ’ பதிவேட்டில் பஞ்சமி என்று எழுதிய நிலம் இப்போது யார் கையில் இருக்கிறது என்று கேட்கலாம். ‘சோத்துக்கோசரம் சேந்தவங்கதானே’ என்று யாராவது சிரித்தால், ஆமாம் என்று தலைநிமிர்ந்து சொல்வோம்.