காணிக்காரரும் மாஞ்சோலைத் தொழிலாளரும்

திருநெல்வேலிச் சமவெளிக்கு மேற்கே, களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வாழ்ந்துவந்த இரு சமூகத்தார். காடு ஒன்று, அதில் இருவருக்கும் உள்ள பாத்தியதை வேறு.

காணிக்காரர் பட்டியல் பழங்குடியினர். காரையாறு அணையைச் சுற்றிய மயிலாறு, இஞ்சிக்குழி முதலிய குடியிருப்புகளில் மரவள்ளியும் மிளகும் பயிரிட்டு, தேன் எடுத்து வாழ்கின்றனர். ஊர்த்தலைவர் மூட்டுக்காணி எனப்படுவார். இஞ்சிக்குழி அணைக்கு அப்பால், நடுக்காட்டில் இருக்கிறது. விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டுவருவதே பெரும்பாடு.

மாஞ்சோலையின் கதை குத்தகையில் தொடங்குகிறது. 1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடம் 8,000 ஏக்கருக்கு மேல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற பாம்பே பர்மா நிறுவனம் தேயிலை வளர்த்தது. கொழுந்து பறிக்க வந்தவர்களில் பெரும்பாலோர் சமவெளியின் தலித் மக்கள். தினக்கூலி, லைன் வீடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் வேலையோடு ஒட்டியவை. கூலிப் போராட்டத்தின் தொடர்ச்சியாக 1999 ஜூலை 23 அன்று நெல்லையில் நடந்த பேரணியில் போலீஸ் தடியடிக்குத் தப்பித் தாமிரபரணியில் இறங்கியோர் உட்பட 17 பேர் மாண்டனர்.

ரொக்க வருமானத்தில் தோட்டத் தொழிலாளர் ஒருபடி மேலேதான் இருந்தனர். ஆனால் 2006 வன உரிமைச் சட்டம் காணிக்காரரின் நில உரிமைக்கு நேரடியாக வழிசெய்தது. பழங்குடியல்லாதாரோ மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டில் வாழ்ந்ததை நிறுவவேண்டும். 2024-இல் நிறுவனம் விருப்ப ஓய்வை முன்வைத்தபோது, நான்கு தலைமுறை உழைத்த குடும்பங்களுக்கும் மலையில் சொந்தமாக ஒரு சென்ட் இல்லை.