நிலத்தில் மறைந்திருந்த பொக்கிஷம்

தியானப் பகுதி: மத்தேயு 13:44, யோசுவா 7



நிலத்தில் புதைந்திருந்த பொக்கிஷத்தைக் கண்ட மனிதனின் உவமையை நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். இரும்புப் பெட்டிகளும் வங்கிகளும் இல்லாத காலத்தில், போர் நெருங்குகிறது என்றறிந்தவுடன் மக்கள் தங்கள் பொன்னையும் வெள்ளியையும் மண்ணுக்குள் மறைத்து வைத்தார்கள். மறைத்தவர் மாண்டுபோனால் பொருள் அங்கேயே தங்கிவிட்டது. ஆகவே ஆண்டவரின் உவமை, கேட்டவர்களுக்குப் பழக்கமான செய்தியே. குன்றாண்டார்கோவில் வட்டாரத்தில் வாழும் நமக்கும் அது தூரத்துக் கதையன்று. நம் புதுக்கோட்டை மண்ணிலேயே அப்படியொரு பொக்கிஷம் கிடைத்திருக்கிறது.

1898ஆம் ஆண்டில், அன்றைய புதுக்கோட்டை சமஸ்தானத்துக் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் வெளிப்பட்டன. அகுஸ்து ராயன் முதல் வெஸ்பாசியன் வரையிலான ஆட்சியாளர்களின் காலத்துக் காசுகள் அவை. அகுஸ்து ராயனின் நாட்களில் நம் மீட்பர் பெத்லகேமில் பிறந்தார். திபேரியு ராயனின் நாட்களில் சிலுவையில் அறையப்பட்டார். அவ்விருவரின் காசுகளும் அக்குவியலில் இருந்தன. வரிகொடுப்பதைப் பற்றிக் கேள்வி எழுந்தபோது ஆண்டவரிடம் காட்டப்பட்டது வெள்ளிக்காசு. இங்கே கிடைத்தவையோ பொற்காசுகள். ஆயினும், அவர் இவ்வுலகில் நடமாடிய அதே நாட்களின் காசுகள் மிளகையும் முத்தையும் துணியையும் நாடிக் கடல் கடந்து நம் நாட்டை வந்தடைந்தன என்பதை எண்ணிப்பாருங்கள்.

அக்காசுகளில் மற்றொரு விந்தையும் உண்டு. பெரும்பாலானவற்றில் அரசனின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டப்பட்டிருக்கிறது. மீண்டும் நாணயமாகப் புழங்காமல், நிறைக்கேற்ற பொன்னாக மட்டுமே செல்லும்படி அவ்வாறு செய்தார்கள் என்பது ஆய்வாளர் கூறும் விளக்கங்களுள் ஒன்று. வெட்டியவர் யார்? புதைத்தவர் வணிகரா, அதிகாரியா? புதைத்த இடம் வீட்டுத் தரையா, வழியோரமா? காசுகளுள் பல இன்று லண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆனால் இக்கேள்விகளுக்கு விடை சொல்லியிருக்கக்கூடிய சுற்றுப்புற மண்ணை அன்று ஒருவரும் அடுக்கடுக்காக ஆராயவில்லை. பொன் பிழைத்தது, அதன் சரித்திரத்தில் பாதி போய்விட்டது.

இதை இப்போது நினைவூட்டக் காரணம் உண்டு. நீதிமன்ற வாயிலிலும் விமான நிலையத்திலும் நாம் காணும் மெட்டல் டிடெக்டர், இன்று கையடக்கமாகக் கடைகளிலும் இணையத்திலும் விற்பனைக்கு வந்துவிட்டது. புதையல் தேடும் காணொளிகளைக் கண்டு, நாமும் ஒன்று வாங்கினால் என்ன என்று நம் வாலிபர் எண்ணுவது இயல்பே. அக்கருவியிலுள்ள கம்பிச் சுருள் மின்சாரத்தால் ஒரு காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. மண்ணிலுள்ள உலோகத்தில் அதனால் சிறு மின்னோட்டம் எழுகிறது. அதை உணர்ந்து கருவி ஒலிக்கிறது. இங்கிலாந்தின் வயல்களில் இவ்வாறு தேடுவோருக்குப் பெரும்பாலும் கிடைப்பவை பழைய சட்டைப் பொத்தான்களும் வார்க்கொக்கிகளும் ஈயக்குண்டுகளுமே. நம் வயல்களிலோ ஓர் அம்மன் காசு அகப்படலாம். பிரகதாம்பாள் உருவம் பொறித்த அந்தச் சிறு செப்புக்காசு நம் சமஸ்தானத்தில் ஏழைகளின் கையில் புழங்கியது. பொத்தானும் செப்புக்காசும் அற்பமானவை அல்ல. எந்த இடத்தில், எந்த ஆழத்தில், எவற்றோடு கிடந்தன என்று தெரிந்தால், அங்கே வாழ்ந்தவர்களைப் பற்றி அவை சாட்சி சொல்லும்.

ஆனால் அக்கருவி உலோகத்தை மட்டுமே அறியும். புதுக்கோட்டை நகரை அடுத்த பொற்பனைக்கோட்டையில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2023இல் அகழாய்வு செய்தபோது தங்க மூக்குத்தி கிடைத்தது; எலும்பாலான முனைக்கருவியும் சூதுபவள மணியும் கிடைத்தன. மூக்குத்திக்குக் கருவி ஒலித்திருக்கக்கூடும். எலும்புக்கும் மணிக்கும் பானையோட்டுக்கும் கரிக்கும் அது ஒலிக்காது. ஒலி கேட்ட இடத்தில் கடப்பாரையை இறக்குகிறவன், ஒலிக்காதவற்றையெல்லாம் உடைத்துக்கொண்டே பொன்னிடம் போகிறான்.

வேறுவிதமாக நடந்தவர்களும் உண்டு. 1992ஆம் ஆண்டு நவம்பரில், இங்கிலாந்தின் ஹாக்ஸ்ன் என்னும் ஊரில், விவசாயி ஒருவர் வயலில் தொலைத்த சுத்தியலைத் தேடித்தர, ஓய்வுபெற்ற தோட்டக்காரரான அவருடைய நண்பர் மெட்டல் டிடெக்டருடன் வந்தார். அகப்பட்டவை பொன்னும் வெள்ளியும். சிறிது எடுத்ததும் அவர்கள் தோண்டுவதை நிறுத்தி, உரியவர்களுக்கு அறிவித்தார்கள். மறுநாள் தொல்லியலாளர் வந்து முறைப்படி அகழ்ந்தார்கள். ஏறக்குறைய 15,000 ரோமானியக் காசுகள் கிடைத்தன. அவற்றை வைத்திருந்த மரப்பெட்டியின் அடையாளமும், பொருள்கள் நசுங்காதபடி இட்ட வைக்கோலும் துணியும்கூடத் தெரியவந்தன. அங்கே மிளகுத்தூள் வைக்கும் வெள்ளிச் சிமிழ்களும் இருந்தன. நம் கரைகளிலிருந்து மிளகு போன வழியின் மறுமுனையை அவ்வயலில் காண்கிறோம். அந்தச் சுத்தியலும் இன்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது!

நம் நாட்டுச் சட்டமும் அதே நேர்மையையே கேட்கிறது. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டத்தின்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையல் எதுவாயினும் அதைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டும். பொருளின் தன்மையும் மதிப்பும் மட்டுமல்ல, கிடைத்த இடமும் நாளும் அதில் இருக்கவேண்டும். மறைத்தவர் தம் பங்கை இழப்பதோடு தண்டனைக்கும் உள்ளாவார். பல்லவர் காலத்தில் குடையப்பட்ட நம் ஊர்க் குடைவரை, இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அத்தகைய இடங்களில் அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். அது நம் வழிபாட்டிடம் அல்ல என்று சொல்லி நாம் விலகிக்கொள்ளலாகாது. அயலாரின் முன்னோர் செதுக்கியதைக் காப்பதும் அயலாரை நேசிப்பதில் அடங்கும்.

பிரியமானவர்களே, மண்ணில் மறைத்த பொருளைப் பற்றி வேதத்தில் இரண்டு மனிதரைக் காண்கிறோம். எரிகோவின் கொள்ளையிலிருந்து ஆகான் ஒரு சால்வையையும் வெள்ளியையும் பொன்பாளத்தையும் எடுத்துத் தன் கூடாரத்தின் நடுவே புதைத்தான். தன்னுடையதல்லாததை அவன் மறைத்தான். அவன் வீட்டார் மாத்திரமல்ல, ஜனம் முழுவதும் அதனால் துன்புற்றது. உவமையின் மனிதனோ பொக்கிஷத்தை இரவோடிரவாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. தனக்குண்டானதையெல்லாம் விற்று, நிலத்தையே விலைகொடுத்து வாங்கினான். பொக்கிஷம் வேண்டும், நிலம் வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை.

இந்த வாரம் உழும்போதோ கிணறு தோண்டும்போதோ உங்கள் கையில் ஒரு பழைய காசு அகப்பட்டால், அதைத் தேய்த்துத் துலக்காதீர்கள், விற்க அலையாதீர்கள். கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் தெரிவியுங்கள். ஒருவரும் பார்க்காத வயலில் நாம் செய்வதையும் காண்கிறவர் ஒருவர் உண்டு.

அந்தரங்கத்தில் காண்கிற பிதா, நமக்கு உண்மையுள்ள இருதயத்தைத் தந்தருள்வாராக. ஆமென்.