படுக்கை யாருடைய கடன்? இந்திய விமான நிலைய விடுதிகளின் கதை

1930-களில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து படேவியாவுக்குச் சென்ற கேஎல்எம் விமானங்கள் இந்தியத் துணைக்கண்டத்தை ஒரே தாவலில் கடக்கவில்லை. கராச்சி, ஜோத்பூர், அலகாபாத், கல்கத்தா என்று இறங்கி இறங்கியே சென்றன. இருட்டியபின் பறப்பது அரிது. ஆகவே மாலையில் எங்கு இறங்கினார்களோ அங்கு பயணிகளுக்குப் படுக்கை வேண்டும். ஜோத்பூரில் அந்தப் படுக்கையைச் சமஸ்தானமே கொடுத்தது. மன்னர் உமைத் சிங் பறப்பதில் பித்துக் கொண்டவர், தாமே விமானம் ஓட்டுபவர். விமானத்தளத்தின் அருகே சமஸ்தானம் நடத்திய ஸ்டேட் ஹோட்டலில் டச்சுக்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் இரவைக் கழித்துவிட்டு விடியலில் கிளம்பினர். அதே ஊரில் அதே ஆண்டுகளில், பஞ்ச நிவாரணப் பணி என்ற பெயரில், 1929-இல் தொடங்கிய உமைத் பவன் அரண்மனை கல்மேல் கல்லாக எழுந்துகொண்டிருந்தது. அதுவும் பிற்காலத்தில் ஆடம்பர விடுதியானது என்பது வேறு கதை.

அன்றைய விமானச் சீட்டு இருக்கைக்கு மட்டும் உரியதன்று. 1929 மார்ச்சில் லண்டன்–கராச்சி சேவையைத் தொடங்கிய இம்பீரியல் ஏர்வேஸ், உணவையும் இரவுத் தங்கலையும், பணியாளருக்குத் தரும் அன்பளிப்பையுங்கூட, கட்டணத்துக்குள் அடக்கியே சீட்டு விற்றது. பாரசீகக் கரை வழி அடைபட்டு 1932-இல் பாதை அரபுக் கரைக்கு மாறியபோது, ஷார்ஜாவின் ஆட்சியாளருடன் ஒப்பந்தம் செய்து, கோட்டை வடிவில் ஓய்வில்லம் ஒன்றை நிறுவச் செய்தது. அது கட்டி முடியும்வரை பயணிகள் கூடாரத்தில் தூங்கினர். இந்தியா செல்லும் ஒருவருக்குப் பாலைவனத்தின் நடுவே வெள்ளை விரிப்புப் போட்ட படுக்கை கிடைத்தது விருந்தோம்பலால் அன்று. விமானத்தால் ஓரிரவில் போய்ச்சேர முடியாது என்ற குறைபாட்டுக்கு நிறுவனம் செலுத்திய ஈடு அது. விமான நிலைய விடுதியின் பிறப்பிலேயே இந்தக் கடப்பாடு இருக்கிறது: பயணியைத் தாமதிக்க வைப்பவர் அவருக்குப் படுக்கை கொடுக்கக் கடமைப்பட்டவர். கடந்த தொண்ணூறு ஆண்டுகளில் இந்தக் கடன் எப்படிக் கைமாறியது என்பதே இந்திய விமான நிலைய விடுதிகளின் வரலாற்றில் கவனிக்க வேண்டியது. பளிங்குத் தரையும் நீச்சல் குளமும் அதற்குப் பின்னர்தான்.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் விமானங்கள் இரவிலும் பறக்கத் தொடங்கியதும் கட்டாய இரவுத் தங்கல் மறைந்தது. 1948 ஜூன் 8 அன்று பம்பாயிலிருந்து புறப்பட்ட ஏர் இந்தியா இன்டர்நேஷனலின் முதல் லண்டன் விமானம் கெய்ரோவிலும் ஜெனீவாவிலும் நின்றது. பயணிகள் வானிலேயே தூங்கினர். ஆனால் படுக்கையின் தேவை ஒழிந்துவிடவில்லை, வேறு உருவெடுத்தது. ஒரு விமானத்தில் வந்து மறுநாள் இன்னொன்றில் ஏற வேண்டியவர், இயந்திரக் கோளாறால் நின்றுபோனவர், ஓய்வெடுத்தே தீரவேண்டிய விமானப் பணிக்குழுவினர் என மூவகையினர் நகருக்குள்ளிருந்த விடுதிகளை நாடினர். பம்பாயில் அது நெடுந்தொலைவு. சாந்தாகுரூஸிலிருந்து தென்முனையில் உள்ள தாஜ்மஹால் விடுதிக்குச் சென்று திரும்புவதற்குள் ஓய்வு நேரத்தில் பாதி சாலையில் கரைந்துவிடும். ஐரோப்பாவைக் காலையில் அடைய வேண்டும் என்பதால் பம்பாயின் சர்வதேச விமானங்கள் நள்ளிரவை ஒட்டியே கிளம்பின. நகரம் தூங்கும் வேளையில் விமான நிலையம் விழித்திருந்தது.

அந்நாளில் உலகெங்கும் விமான நிறுவனங்கள் விடுதித் தொழிலில் இறங்கியிருந்தன. பான் அமெரிக்கன் 1946-இலேயே இன்டர்கான்டினென்டல் விடுதிகளைத் தொடங்கிவிட்டது. டிடபிள்யூஏ 1967-இல் ஹில்டன் இன்டர்நேஷனலை வாங்கியது. ஸ்காண்டிநேவிய நிறுவனத்துக்குக் கோபன்ஹேகனில் ஆர்னே யாகோப்சன் வரைந்த விடுதி 1960 முதல் இருந்தது. 1971-இல் ஏர் இந்தியாவும் அவ்வழியே சென்றது. அந்த ஆண்டின் இரு நிகழ்வுகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். ஏப்ரலில் ‘சக்கரவர்த்தி அசோகர்’ எனப் பெயரிடப்பட்ட முதல் போயிங் 747 வந்திறங்கியது. ஜூலை 8 அன்று, ஏர் இந்தியாவுக்கு முழு உடைமையான துணை நிறுவனமாக இந்திய ஹோட்டல் கழகம் பதிவு செய்யப்பட்டது. ஜம்போ ஒன்று பழுதாகி நின்றால் ஒரே நொடியில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் படுக்கை கேட்பார்கள். 707 காலத்துப் பழக்கத்தில் இங்கு பத்து, அங்கு இருபது என்று அறை தேடிக்கொண்டிருக்க இயலாது.

இவ்வாறு 1970-களில் சாந்தாகுரூஸ் முனையத்தின் வாசலருகே வட்ட வடிவில் எழுந்ததுதான் சென்டார் விடுதி. நடுவே திறந்த முற்றமும் நீச்சல் குளமும், அவற்றைச் சுற்றி வளையமாக அறைகளும். பெயர் ஏர் இந்தியாவின் சின்னத்திலிருந்து வந்தது. தனுசு ராசிக்குரிய, வில்லேந்திய குதிரைமனிதனே அந்தச் சின்னம். டெல்லி விமான நிலையத்தின் சென்டார் 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வந்தது. ஜுஹு கடற்கரையிலும் ஸ்ரீநகரில் தால் ஏரிக்கரையிலும் மேலும் இரண்டு. ‘செஃப்ஏர்’ என்ற பெயரில் வானுணவுச் சமையற்கூடங்களும் இதே கழகத்தின் கீழ் இயங்கின. விமானத்தில் உண்ட உணவும், விமானம் கிளம்பாதபோது தூங்கிய படுக்கையும் ஒரே அரசு நிறுவனத்தின் இரு கைகளிலிருந்து வந்தன. சோசலிசச் சொல்லாடல் உச்சத்தில் இருந்த அந்தப் பத்தாண்டில் அரசே ஐந்து நட்சத்திர விடுதி நடத்தியது முரணாகத் தோன்றலாம். அன்னியச் செலாவணிக்குத் திண்டாடிய நாட்டில் வெளிநாட்டுப் பயணி தங்கும் ஒவ்வோர் இரவும் டாலர் என்பதை மறந்தால்தான் அப்படித் தோன்றும்.

சரிவுக்குக் காரணங்கள் பல. ‘அரசு நடத்தினால் இப்படித்தான்’ என்று முடித்துவிடுவது வசதியானது; ஆனால் பாதி விடைதான். 1981-இல் பம்பாயின் சர்வதேசப் போக்குவரத்து சஹாரில் கட்டப்பட்ட புதிய முனையத்துக்கு இடம்பெயரத் தொடங்கியது. சென்டாரின் வாசலில் உள்நாட்டு முனையமே எஞ்சியது. நெடுந்தூர விமானங்கள் இடைநில்லாமல் பறக்கத் தொடங்கியதும் இடைமாற்றப் பயணிகளின் கூட்டம் மெலிந்தது. தனியார் விடுதிகள் அதே சாலையில் வரிசைகட்டின. தாய் நிறுவனமே தள்ளாடியபோது விடுதியைப் புதுப்பிக்கப் பணம் எங்கிருந்து வரும்?

2002-இல் வாஜ்பாய் அரசில் அருண் சௌரி பங்கு விலக்கல் துறை அமைச்சராக இருந்தபோது இரண்டு பம்பாய் சென்டார்களும் விற்கப்பட்டன. ஜுஹு விடுதி 153 கோடி ரூபாய்க்கும், விமான நிலைய விடுதி 83 கோடிக்கும் போயின. பின்னதை வாங்கிய தனியார் நிறுவனம் சில மாதங்களிலேயே சஹாரா குழுமத்திடம் 115 கோடிக்கு அதை மறுவிற்பனை செய்தது. இன்று ‘சஹாரா ஸ்டார்’ என்ற பெயரில் நிற்பது அதுவே. நடுவில் விழுந்த 32 கோடி நாடாளுமன்றத்தில் பெரும் அமளியை எழுப்பியது. அரசுத் தரப்பின் வாதத்தையும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. நிலம் விமான நிலைய ஆணையத்திடமிருந்து குத்தகைக்குப் பெற்றது, விற்கப்பட்டது நட்டத்தில் ஓடும் தொழில் மட்டுமே, ஊழியர்களையும் சேர்த்தே வாங்குபவர் ஏற்க வேண்டும் என்றது அரசு. வருங்கால வருமானத்தைக் கணித்து, அதை இன்றைய மதிப்புக்குக் கழித்துக் குறைக்கும் முறையில் பார்த்தால், நட்டத்தில் ஓடும் விடுதியின் விலை குறைவாகத்தான் வரும். ஆனால் மறுபடி வாங்கியவர் அந்தக் கணக்கைப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஓடுபாதையின் ஓரத்தில் ஓர் இடம் என்பதைத்தான் அவர் பார்த்திருக்க வேண்டும்.

அந்த இடத்தின் மதிப்பை அடுத்த பத்தாண்டில் டெல்லி வெளிப்படையாகவே கணக்கிட்டது. 2006-இல் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி டெல்லி விமான நிலையம் ஜிஎம்ஆர் தலைமையிலான கூட்டு நிறுவனத்திடம் சென்றது. முப்பது ஆண்டு, விரும்பினால் மேலும் முப்பது. வருவாயில் 45.99 விழுக்காடு விமான நிலைய ஆணையத்துக்கு. நிலத்தில் ஐந்து விழுக்காட்டை, அதாவது சுமார் 240 ஏக்கரை, வணிகத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். அங்கு எழுந்ததே ஏரோசிட்டி. 2010 காமன்வெல்த் போட்டிக்குத் தயாராக வேண்டிய விடுதிகள் அந்தக் காலக்கெடுவைத் தவறவிட்டன. பின்னர், ஓடுபாதை தெரியும் சன்னல்கள் ஆபத்து என்று டெல்லிக் காவல்துறை தடை எழுப்பியது. விமானத்தைப் பார்த்தபடி தங்கலாம் என்று பயணிகளைக் கவர்வதற்குரிய அதே சன்னல்கள்தாம். நெடும் இழுபறிக்குப்பின் 2013-இல்தான் முதல் விடுதி திறந்தது.

2012-இல் வெளியான தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, ஆண்டுக்கு நூறு ரூபாய்க் குத்தகையில் பெற்ற அந்த 240 ஏக்கர் நிலம் 58 ஆண்டுகளில் 1,63,557 கோடி ரூபாய் ஈட்டக்கூடியது என்றது. நிறுவனமும் அமைச்சகமும் கடுமையாக மறுத்தன: அறுபதாண்டு வருமானத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்காமல் கூட்டினால் எந்தத் தொகையும் மலைக்கத்தான் வைக்கும் என்றன. அந்த மறுப்பில் நியாயம் உண்டு. ஆயினும் 2002-ஐயும் 2012-ஐயும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு ஒரு விந்தை புலப்படும். கழித்துக் கணக்கிட்டதால் ஒரு விடுதி மலிவாகப் போனது என்று அன்று குற்றச்சாட்டு. கழிக்காமல் கணக்கிட்டதால் நிலத்தின் மதிப்பு ஊதிப்பெருத்தது என்று இன்று குற்றச்சாட்டு.

தொகையின் பருமனைவிட முக்கியமானது அது பாய்ந்த திசை. ஏரோசிட்டி மனைகளைக் குத்தகைக்கு எடுத்தவர்களிடமிருந்து வாங்கிய வைப்புத்தொகையில் சுமார் 1,471 கோடி ரூபாய், விமான நிலையத் திட்டத்துக்கே நிதியாகச் சென்றது. அதே திட்டத்துக்காக 2009 மார்ச் முதல் டெல்லியிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு பயணியும் மேம்பாட்டுக் கட்டணம் செலுத்தினார்: உள்நாட்டுக்கு 200 ரூபாய், வெளிநாட்டுக்கு 1,300. ஜோத்பூரிலும் சாந்தாகுரூஸிலும் விமானத்தின் பொருட்டு விடுதி இருந்தது. இங்கு விடுதியின் முன்பணம் முனையத்தைக் கட்டியது. பயணியும் கட்டினார், பின்னர் அங்கு தங்கினால் அறை வாடகையும் கொடுத்தார். விமான நிலையத்துக்கென்று நிலமெடுப்புச் சட்டத்தின் கீழ் கிராமங்களிடமிருந்து நிலம் பெறப்பட்டபோது சொல்லப்பட்ட பொதுநோக்கத்தில் மதுக்கூடமும் திருமண மண்டபமும் அடங்கியிருந்தனவா என்று நங்கல் தேவத் போன்ற, விரிவாக்கத்துக்காக முற்றிலும் அகற்றப்பட்ட ஊர்களின் மக்கள் கேட்டால் விடை சொல்வது எளிதன்று.

பழைய கடன் முற்றிலும் தீர்ந்துபோகவில்லை. விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதியொன்றில் அது ஒடுங்கிக் கிடக்கிறது: தாமதம் 24 மணி நேரத்தைத் தாண்டினால், அல்லது இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையே கிளம்ப வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதித்தால், நிறுவனம் இலவசமாக விடுதி தர வேண்டும். 2020 மே மாதத்தில் இது நேர்எதிராகவும் திரும்பியது. பெருந்தொற்றில் வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் ஏழு நாட்கள் கட்டாயமாகத் தனித்திருக்க வேண்டும், அதுவும் தம் சொந்தச் செலவில், என்றது மத்திய அரசின் வழிகாட்டுதல். தங்கச் சொன்னது அரசு, வாடகை பயணியுடையது. அதற்குச் சில மாதங்களுக்கு முன் ஸ்ரீநகரின் சென்டார் இன்னொரு வகைக் கட்டாய விருந்தினரைக் கண்டிருந்தது. 2019 ஆகஸ்டில் 370-ஆம் பிரிவு நீக்கப்பட்டதும் காஷ்மீரின் அரசியல் தலைவர்கள் பலர் அங்கே காவலில் வைக்கப்பட்டனர். விடுதி துணைச் சிறையானது. நவம்பர் குளிர் தாங்காது என்று பிறகு வேறிடத்துக்கு மாற்றப்பட்டனர்.

2022 ஜனவரி 27 அன்று ஏர் இந்தியா டாடா குழுமத்திடம் திரும்பிச் சென்றது. இந்திய ஹோட்டல் கழகம் உடன் செல்லவில்லை. விற்பனையில் சேராத சொத்துகளுக்கென்று அமைத்த அரசு நிறுவனத்தின் கீழ் அது தங்கிவிட்டது. விமானத்தின் பயணிகளுக்குப் படுக்கை தரப் பிறந்த கழகம், இப்போது ஏர் இந்தியாவைக் கைவிட்ட அரசின் கையில் இருக்கிறது.

ஏரோசிட்டியிலிருந்து நெடுஞ்சாலையைக் கடந்தால் மகிபால்பூர். ஒருகாலத்துக் கிராமம், இன்று சிறு விடுதிகளின் பெயர்ப்பலகைகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கும் தெரு. வளைகுடாவுக்கு வேலைக்குக் கிளம்பும் தொழிலாளர்களும், மறுநாள் விமானத்துக்காக இரவைக் கழிக்க வேண்டிய மாணவர்களும் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்து சேரும் இடம் இதுவே. இயக்குநரகத்தின் விதியில் விடுதிக்கு இத்தனை நட்சத்திரம் என்ற குறிப்பு இல்லை.