மருந்து புகும் வாயிலும் தமிழ்ப் பெயரிடு நெறியும்

சித்த மருத்துவம் அகமருந்து 32, புறமருந்து 32 எனப் பகுத்துள்ளது. மூக்கில் இடுவது நசியம், கண்ணில் இடுவது கலிக்கம், குதவழிச் செலுத்துவது பீச்சு எனப் புறமருந்துப் பெயர்கள் சில, மருந்து புகும் வாயிலை உணர்த்தி நிற்பதைக் காண்கிறோம்.

1853ஆம் ஆண்டளவில் எடின்பரோவில் அலெக்சாண்டர் உட் ஊசிக்குழலால் தோலுக்கடியில் மருந்து செலுத்தினார். அம்முறை தமிழரிடையே பரவியபோது வாயில் மறைந்து கருவியே பெயராயிற்று. 'ஊசி போடுதல்' என்றோம். பேச்சுவழக்கு சிரையையும் நரம்பென்று சுட்டுவதால், சிரையில் இடுவது 'நரம்பூசி' ஆயிற்று. பாடநூலிலோ நரம்பு என்பது உணர்வு கடத்தும் உறுப்பு. நோயாளி பொருள் மயங்கி அஞ்சுதற்கு இச்சொல் இடந்தருகின்றது.

தோலடி, தசைவழி, சிரைவழி என்னும் கலைச்சொற்கள் வாயில் சுட்டும் பழைய நெறியையே மீட்கின்றன. எனவே, அவற்றை நசியம், கலிக்கம் ஆகியவற்றோடு இணைத்துப் பயிற்றுதல் தகும் எனக் கருதுகிறோம்.