மலைப்பாதையில் ஒலிக்கும் கொம்பு

வருகின்றவன் யார் என்பதைக் கண் அறியுமுன் காது அறிந்துவிடும் இடங்கள் உண்டு. மலைப்பாதை அத்தகைய இடம். சமவெளிச் சாலையில் எதிரே வரும் வண்டியை ஒரு கல் தொலைவிலேயே கண்டுகொள்ளலாம். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறும் பாதையிலோ, ஆலங்காயத்திலிருந்து காவலூர் செல்லும் பாதையிலோ அவ்வாறு காண இயலாது. ஒரு புறம் பாறை, மறு புறம் பள்ளம், நடுவே வளைவு. வளைவுக்கு அப்பால் இருப்பதைச் சொல்லக்கூடியது ஒலி ஒன்றே.

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. செய்யாறு இங்கேதான் பிறக்கின்றது. மலையாளி என்று வழங்கப்பெறும் பழங்குடி மக்கள் இங்கே சாமையும் தினையும் விளைவித்து வாழ்கின்றனர். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர் என்பது அவர்களிடையே வழங்கும் மரபு. வண்டிப்பாதை அமையாத காலத்தில் சுமையைத் தலையிலும் பொதிமாட்டிலும் ஏற்றி இறங்கினர். இன்று அந்தச் சுமையைப் பெரும்பாலும் பிக்கப் என்னும் சிறு சரக்கு வண்டியே தாங்குகின்றது. அந்த வண்டியின் குரலைப் பற்றித்தான் இன்று சொல்ல விரும்புகின்றேன்.

எச்சரிக்கை ஒலி இப்பகுதிக்குப் புதியதன்று. மலையின் தென்புற அடிவாரத்தை அடுத்த செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் பல கிடைத்துள்ளன. ஆநிரையைக் கவர வந்தோரை எதிர்த்து மாண்ட வீரர்க்கு ஊரார் எடுத்த கற்கள் அவை. எடுத்தனூரில் உள்ள ஏழாம் நூற்றாண்டுக் கல்லொன்றில் வீரனோடு ஒரு நாயும் நிற்கின்றது. கோவிவன் என்பது அதன் பெயர். கள்வர் இருவரைக் கடித்துக் காத்த செயலுக்காக அதன் பெயரைக் கல்லில் பொறித்தார்கள். பறையும் கொம்பும் அக்காலத்தில் ஊரை எழுப்பும் கருவிகள். வேண்டிய வேளையில் மட்டும் அவை ஒலித்தமையால் கேட்டவர் பொருள் உணர்ந்து எழுந்தனர். நாள் முழுதும் முழங்கும் பறைக்கு எவரும் எழுந்து ஓடமாட்டார்.

இயந்திர வண்டி தோன்றியபோது மேலைநாட்டார் ஒலியை அன்றி ஆளையே முன்னே அனுப்பினர். இங்கிலாந்தில் 1865-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீராவி வண்டிக்கு முன்னால் அறுபது கஜ தூரத்தில் ஒருவன் செங்கொடி ஏந்தி நடக்க வேண்டும். 1896-இல் அக்கட்டுப்பாடுகள் நீங்கி வண்டிகள் விரைந்தன. கொடி பிடித்தவனின் வேலையை ரப்பர்க் குமிழ் பொருத்திய பித்தளைக் கொம்பு ஏற்றுக்கொண்டது. நம் நாட்டுப் பேருந்துகளில் ஓட்டுநர் கையால் அமுக்கிய அந்தப் ‘பூம் பூம்’ ஓசையைப் பெரியவர்கள் மறந்திரார்.

அடுத்து மின்சாரம் வந்தது. அமெரிக்காவில் மில்லர் ரீஸ் ஹட்சிசன் என்பார் அமைத்த ‘கிளாக்சன்’ கொம்பு 1908-இல் விற்பனைக்கு வந்தது. செவித்திறன் குன்றியோர்க்காக மின்சாரக் கேட்புக் கருவியை ஆக்கியவரும் அவரே. கேளாச் செவியைக் கேட்கச் செய்த கை, கேட்கும் செவியை அதிரவைக்கும் கருவியையும் படைத்தது.

பின்னர்ப் பெரிய லாரிகள் வந்தன. அவற்றின் பிரேக்கை இயக்க அழுத்திய காற்று ஒரு தொட்டியில் எப்போதும் நிறைந்திருக்கும். அந்தக் காற்றிலிருந்து ஒரு குழாயைப் பிரித்துக் கொம்புக்கு விட்டால் போதும். மெல்லிய தகடு ஒன்று அதிர, ஊதுகுழல் அதைப் பெருக்கி முழங்கும். ஏர் ஹாரன் என்பது இதுவே.

சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவன் ஒருவன் தன் பிக்கப் வண்டிக்கு இத்தகைய ஏர் ஹாரன் பூட்டப் புறப்பட்டான். மலையிலிருந்து புளியும் பலாவும் ஏற்றி இறங்குவது அவன் தொழில். “ஐயா, பனி மூடிய நாளில் என் ஹாரன் வளைவுக்கு அப்பால் கேட்பதில்லை. பெண்டு பிள்ளைகள் நடக்கும் பாதை. எனக்கு அச்சமாக இருக்கிறது” என்றான். அந்த அச்சம் போலியன்று. நானும் அவனோடு பட்டறைக்குச் சென்றேன்.

பிக்கப் வண்டியின் பிரேக் எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவது. அதில் காற்றுத்தொட்டி இல்லை. ஆகவே 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் சிறு கம்ப்ரசர் ஒன்று வேண்டும். அதனை இயந்திரச் சூடு படாத இடத்தில் உறுதியாகத் திருகி, குழலின் வாய் சற்றே கீழ்நோக்கியிருக்குமாறு அமைக்க வேண்டும். இன்றேல் மழைநீர் தங்கும். கம்ப்ரசருக்கும் குழலுக்கும் இடையேயுள்ள ரப்பர்க் குழாய் நீளாதிருத்தல் நன்று. நீண்டால் பொத்தானை அழுத்தியபின் ஒலி தாமதித்தே எழும்.

ஒயரிங்கில்தான் கருத்து மிக வேண்டும். சாதாரண ஹாரன் ஒன்றுக்கு ஏறத்தாழ 5 ஆம்பியர் போதும். கம்ப்ரசரோ 15 முதல் 20 ஆம்பியர் வரை இழுக்கும். அவ்வளவு மின்னோட்டத்தைத் திருப்புசக்கரத்துப் பொத்தான் வழியே விட்டால் பொத்தான் கருகும். ஒயர் சூடேறித் தீப்பற்றவும் கூடும். இதற்கு மருந்து ரிலே. ஜோசப் ஹென்றி என்னும் அமெரிக்க அறிஞர் 1835-இல் அமைத்த கருவியின் வழிவந்தது இது. பொத்தானிலிருந்து வரும் சிறு மின்னோட்டம் ரிலேயிலுள்ள சுருளைக் காந்தமாக்கும். காந்தம் தகட்டை இழுக்கும். பேட்டரியிலிருந்து வரும் பெரு மின்னோட்டம் தடித்த ஒயர் வழியே நேரே கம்ப்ரசரை அடையும். ரிலேயின் கால்களில் எண்கள் பொறித்திருப்பார்கள். 30-க்குப் பேட்டரி, 87-க்குக் கம்ப்ரசர், 86-க்குப் பழைய ஹாரன் ஒயர், 85-க்கு வண்டியின் உடல். பேட்டரியின் அருகிலேயே ப்யூஸ் இருத்தல் இன்றியமையாதது. சிறியவன் கை காட்ட, பெரியவன் கதவு திறக்கும் ஏற்பாடு என்று வகுப்பில் இதைச் சொல்வேன்.

பூட்டி முடித்ததும் மாணவன் பொத்தானை அழுத்தினான். பட்டறையே அதிர்ந்தது. எதிர்ச் சாலையில் தாயின் இடுப்பிலிருந்த குழந்தை வீறிட்டு அழுதது. அவன் முகத்தில் இருந்த மகிழ்ச்சி மறைந்தது.

அப்போது ஒரு கணக்குப் போடச் சொன்னேன். வளைவின் இரு புறமும் 100 மீட்டர் இடைவெளியில் இரு வண்டிகள், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிரே வருகின்றன. ஒலி அத்தூரத்தைக் கடக்க ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்கும் ஆகாது. வண்டிகள் சந்திக்க ஆறு விநாடி. வேகம் 60 ஆனால் மூன்றே விநாடி. அதுவுமன்றி, வேகம் இரட்டித்தால், பிரேக் பிடித்தபின் நிற்கத் தேவையான தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். எத்துணை உரத்த கொம்பும் இழந்த மூன்று விநாடியைத் திருப்பித் தாராது. மேலும், மலையில் பேரொலி பாறையில் மோதி எதிரொலிக்கும். வண்டி எத்திசையில் வருகின்றது என்பதே மயங்கும். தன் கொம்பை ஓயாது முழக்குபவனுக்கு எதிரே வருபவனின் கொம்பும் கேளாது.

சட்டமும் இதையே எண்ணியிருக்கின்றது. 1914-இல் இந்தியா முழுமைக்கும் முதல் மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. அதன்பின் 1939-ஆம் ஆண்டுச் சட்டம். இன்று நடப்பிலிருப்பது 1988-ஆம் ஆண்டுச் சட்டம். 1989-ஆம் ஆண்டு மத்திய விதிகளில் 119-ஆவது விதி, பல சுரங்களை அடுத்தடுத்து எழுப்பும் கொம்பையும், அளவு மீறிக் கடூரமாகவும் அச்சமூட்டும் வகையிலும் ஒலிக்கும் கருவியையும் விலக்குகின்றது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, தேவையின்றி ஹாரன் ஒலிப்போர்க்கு முதன்முறை 1,000 ரூபாயும் மறுமுறை 2,000 ரூபாயும் அபராதம். அதே வேளையில், ஹாரன் ஒலித்தே தீரவேண்டிய இடத்தைக் காட்டும் நீலவட்டக் குறியும் நம் சாலைக் குறிகளில் உண்டு. ஆகவே சட்டம் வேண்டுவது ஊமை வண்டியையன்று. அளவறிந்து பேசும் வண்டியையே. குறுகிய மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பதும் விதியே.

“அப்படியானால் என் அச்சத்துக்கு என்ன வழி?” என்று மாணவன் கேட்டான். நியாயமான கேள்வி. மெக்கானிக் பழைய ஹாரனைச் சோதித்துப் பார்த்தார். குறை ஹாரனில் இல்லை. பாசம் பிடித்த இணைப்பும் மெலிந்த ஒயருமே மின்னழுத்தத்தை வழியிலேயே குறைத்துவிட்டன. ஏர் ஹாரனைக் கழற்றி, அந்த ரிலேயையும் தடித்த ஒயரையும் பழைய ஹாரனுக்கே இணைத்தார். கம்ப்ரசருக்கிருந்த பெரிய ப்யூஸை நீக்கி, ஹாரனுக்கேற்ற சிறியதை இட்டார். இழந்த குரல் தெளிவாக மீண்டது. காற்றுக்கொம்பின் செலவில் பெரும்பகுதி வீணாயிற்று; ஆயினும் அவன் வருந்தவில்லை.

2022 ஏப்ரலில் திருப்பத்தூர் மாவட்டத்துச் செம்பரை அருகே, கோயிலுக்குச் சென்ற மக்களை ஏற்றிய சரக்கு வண்டி கவிழ்ந்து பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அச்செய்தியைக் கேட்டவர் எவரும் மலைப்பாதையை எளிதாக எண்ணார். சரக்கு வண்டி சரக்குக்கே உரியது. மக்களை ஏற்றிய வண்டி பள்ளத்தில் சரிகையில் எந்தக் கொம்பும் காவாது.

இப்போது என் மாணவன் வளைவை நெருங்கும்போது வேகத்தைக் குறைக்கின்றான்; ஒரு முறை ஹாரன் ஒலிக்கின்றான்; பின்பு கண்ணாடியை இறக்கிச் செவி சாய்க்கின்றான். பாதையோரம் நடப்பவர் ஒதுங்குகின்றனர். எதிர்வண்டி இருந்தால் விடை வருகின்றது. எச்சரிக்கை ஒலி என்பது ஒரு கேள்வி. கேட்டவன் விடைக்காகச் சற்றே காத்திருத்தல் வேண்டும்.